சுழி மட்டும் இல்லன்னா அந்தக் குஞ்சு கரோலினா பக்கம் போயிருக்கும்

பவளப்பாறை மீன்னு சொன்னா எல்லாரும் பாறைமேல கலர் கலரா சுத்துற பெரிய மீனைத்தான் நினைக்கிறாங்க. ஆனா அந்த மீன்ல பெரும்பாலானது பொறந்த உடனே பாறையை விட்டு வெளிய போயிடுது. முட்டை தண்ணியில மிதக்குது, ஒரு நாள்ல பொரியுது, ரெண்டு மூணு மில்லிமீட்டர் லார்வா, அதாவது பிஞ்சுக் குஞ்சு வருது, அதுக்கு சரியா வாய்கூட தொறந்திருக்காது, அப்படியே ஆழ்கடல் பக்கம் அடிச்சிட்டு போகுது. சில இனத்துக்கு மூணு வாரம், சிலதுக்கு ஒரு மாசம், சிலதுக்கு அதுக்கும் மேல இந்த வாழ்க்கை. அப்புறம் ஒரு நாள் ராத்திரி திரும்பி ஒரு பாறைக்கு வந்து சேருது. நடுவுல என்ன நடந்துச்சு, எது அதை திருப்பி கொண்டு வந்துச்சு அப்படிங்கறதுதான் ரொம்ப நாளா என் தலைக்குள்ள ஓடிட்டு இருக்கு. கிடைச்சதை எல்லாம் தேடித்தேடி படிச்சிட்டு இருக்கேன், தமிழ்ல இதைப்பத்தி எழுதுனது அதிகமா கண்ணுல படல, அதனால நானே எழுதுறேன்.

பொதுவா கடல் சுழின்னு ஆரம்பிச்சா ஒண்ணும் புரியாது, ஒரு இடத்தை புடிச்சுக்கிட்டு பேசுனாதான் புரியும். நான் புடிச்ச இடம் அமெரிக்காவுல புளோரிடாவோட தெற்கு முனை. அங்க புளோரிடா கீஸ்னு வரிசையா குட்டிக்குட்டி தீவு, அதோட மேற்கு கோடியில, கீ வெஸ்ட்ல இருந்து 110 கிலோமீட்டர் தள்ளி ட்ரை டார்டுகாஸ். அதுக்கும் தென்மேற்குல கடலுக்கு அடியில ரைலீஸ் ஹம்ப்னு ஒரு மேடு இருக்கு. மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, வெறும் கடல். ஆனா மே, ஜூன் மாசத்துல பௌர்ணமியை ஒட்டி மட்டன் ஸ்னாப்பர்னு ஒரு மீன், நம்ம சங்கராவோட குடும்பம்தான், எங்கெங்கேயோ இருந்து கிளம்பி வந்து அந்த மேட்டு மேல கூட்டமா சேந்து முட்டை விடுது. மீன் இப்படி ஒரே இடத்துல ஒரே நேரத்துல கூடும்னு தெரிஞ்சா என்ன ஆகும்? படகுங்களும் அதே நேரத்துக்கு வரும். வந்துச்சு, அள்ளுனாங்க, கூட்டம் சுருங்கிப் போச்சு. 1994-ல இருந்து மே, ஜூன் ரெண்டு மாசம் அங்க மீன் புடிக்கக்கூடாதுன்னு தடை, அப்புறம் 2001-ல டார்டுகாஸ் காப்பகம் வந்தப்ப அந்த மேடு வருஷம் முழுக்கவே மூடப்பட்டுச்சு. கொஞ்சம் கொஞ்சமா கூட்டம் திரும்ப சேர ஆரம்பிச்சுது.

சரி, தாய் மீனை காப்பாத்தியாச்சு. குஞ்சு?

இங்கதான் விஷயம் சிக்கலாகுது. அந்த மேட்டுக்கு தெக்கால ஓடுறது உலகத்துலயே வேகமான நீரோட்டங்கள்ல ஒண்ணு. மெக்சிகோ வளைகுடாவுக்குள்ள யுகடான் வழியா நுழைஞ்சு, உள்ள ஒரு வளைவு அடிச்சு வெளிய வர்றதை லூப் கரண்ட்னு சொல்றாங்க, அதே தண்ணி கியூபாவுக்கும் புளோரிடாவுக்கும் நடுவுல இருக்குற புளோரிடா ஜலசந்தியில வரும்போது புளோரிடா கரண்ட், அதுக்கும் மேல வடக்கே போனா கல்ஃப் ஸ்ட்ரீம். செகண்டுக்கு 3 கோடி கன மீட்டருக்கும் மேல தண்ணி அந்த சந்து வழியா போகுது. மேல்மட்டத்துல வேகம் செகண்டுக்கு ஒன்றரை மீட்டர்னு வெச்சுக்கிட்டா ஒரு நாளைக்கு 130 கிலோமீட்டர். மட்டன் ஸ்னாப்பர் குஞ்சு ஏறக்குறைய ஒரு மாசம் மிதக்கணும். கணக்கு போட்டு பாருங்க, அந்த ஓட்டத்துல நேரா விழுந்துட்டா பத்து பன்னெண்டு நாள்லயே வட கரோலினாவுக்கு வெளிய நடுக்கடல்ல நிக்கும், மிச்ச நாள் முழுக்க அட்லாண்டிக் உள்ள உள்ள போயிட்டே இருக்கும். அங்க அதுக்கு பாறையும் கிடையாது, கடல் புல்வெளியும் கிடையாது. இப்படி பாத்தா கீஸ்ல ஒரு மட்டன் ஸ்னாப்பர்கூட மிஞ்சக்கூடாது. ஆனா இருக்கு. நிறையவே இருக்கு.

அப்போ ஏதோ ஒண்ணு அந்தக் குஞ்சை புடிச்சு நிறுத்துது. அதுதான் டார்டுகாஸ் சுழி.

மயாமி பல்கலைக்கழகத்துல தாமஸ் லீ அப்படிங்கற கடலியலாளரும் அவரோட வேலை பாத்தவங்களும் 1990-கள்ல இதை விவரமா எழுதுனாங்க. லூப் கரண்ட் வளைகுடாவுக்குள்ள நல்லா வடக்கே நீண்டு வளைஞ்சு திரும்பும்போது, அது டார்டுகாஸ் பக்கத்துல ஒரு திருப்பம் எடுக்குது பாருங்க, அந்த திருப்பத்துக்கும் கரைக்கும் நடுவுல இருக்குற தண்ணி இடஞ்சுழியா சுத்த ஆரம்பிக்குது. சின்னது இல்ல, குறுக்கால 100 கிலோமீட்டர், சில சமயம் அதுக்கும் மேல. வாரக்கணக்குல, சில வருஷம் மாசக்கணக்குல அங்கயே நிக்கும். அப்புறம் மேற்குல இருந்து புதுசா இன்னொரு சுழி வந்து இடிச்சா, இது கிழக்கால நகர ஆரம்பிக்கும், கீஸ் ஓரமாவே போகும், போகப்போக ஜலசந்தி குறுகுறதால இதுவும் சுருங்கி நீண்டு போகும், அந்த நிலைமையில அதுக்கு போர்டலேஸ் சுழின்னு வேற பேரு.

இடஞ்சுழியா சுத்துதுங்கறதுதான் இங்க உயிர்நாடி. தெக்கு பக்கம் தண்ணி கிழக்கே போகுது, அது புளோரிடா கரண்ட்டோட சேந்த ஓட்டம். ஆனா வடக்கு பக்கம், அதாவது கீஸ் கரையை ஒட்டி, தண்ணி மேற்கே திரும்பி வருது. ஒரு முட்டை ரைலீஸ் ஹம்ப்ல மிதக்க ஆரம்பிச்சு தெக்கு பக்கமா கிழக்கே போச்சுன்னா, சுழி இருந்தா அது முழுசா அடிச்சிட்டு போகாம சுத்தி கரை ஓரமா வரும், வந்து திரும்ப மேற்கே போகும், இன்னொரு சுத்து சுத்தும். அதுக்குள்ள நாள் ஓடுது, குஞ்சு வளருது, துடுப்பு முளைக்குது. இதோட காத்தும் ஒத்தாசை பண்ணுது. அங்க கிழக்குக் காத்து அதிகம், பூமி சுத்துறதால வடக்கு அரைக்கோளத்துல மேல்மட்டத் தண்ணி காத்துக்கு வலது பக்கமா தள்ளப்படும், கிழக்குல இருந்து மேற்கே வீசுற காத்துக்கு வலது பக்கம்னா வடக்கு, வடக்குன்னா கீஸ் கரை. ஆக சுழி குஞ்சை கரை பக்கத்துல கொண்டு வந்து வைக்குது, காத்து கடைசி தள்ளு தள்ளுது. இதை முதல் தடவை படிச்சப்ப வரைபடத்தை பக்கத்துல வெச்சுக்கிட்டு விரலால சுத்தி சுத்தி பாத்தேன், அவ்ளோ அழகா பொருந்துது.

ஆனா ஒண்ணு. அந்த சுழி எப்பவும் அங்க இருக்காது. லூப் கரண்ட் வளைகுடாவுக்குள்ள நீளாம குறுக்கு வழியில வெளிய வர்ற காலத்துல டார்டுகாஸ் பக்கம் சுழி பலமா நிக்காது. மே மாச பௌர்ணமிக்கு மீன் கூடும்போது சுழி இருந்துச்சுன்னா அந்த வருஷக் குஞ்சுக்கு ஒரு தலையெழுத்து, இல்லன்னா வேற தலையெழுத்து. தாய் மீன் ரெண்டு வருஷமும் அதே அளவு முட்டைதான் விட்டிருக்கும்.

மைக்கேல் டோமையர்ங்கறவர் ரைலீஸ் ஹம்ப்ல, மீன் முட்டை விடுற சமயத்துல, சின்ன மிதவைக் குப்பிங்களை கடல்ல போட்டு விட்டார். யாராவது கரையில கண்டெடுத்தா தகவல் சொல்லணும், அவ்ளோதான் ஏற்பாடு. 2004-ல அந்த ஆய்வு வெளிவந்துச்சு. குப்பிங்க கீஸ் நெடுகிலயும், தென்கிழக்கு புளோரிடா கரையிலயும் ஒதுங்கியிருந்துச்சு. குப்பி மீன் கிடையாது, அதுக்கு நீந்தத் தெரியாது, ஆழத்துக்கும் போகாது, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த மேட்டுல இருந்து கீஸுக்கு ஒரு தண்ணி வழி இருக்குன்னு காட்ட அது போதும். மூடுன அந்த சின்ன மேடு அவ்ளோ நீளக் கரைக்கும் விதை அனுப்புற இடமா இருக்கலாம்னு அதுல இருந்துதான் தைரியமா பேச முடிஞ்சுது.

இதுவரைக்கும் சொன்னது போக்குவரத்து. எனக்கு இதைவிட பெருசா தோணுறது சாப்பாடு.

இடஞ்சுழியா சுத்துற சுழிக்கு நடுவுல கடல் மட்டம் கொஞ்சம் தாழ்ந்து இருக்கும், அதுக்கு கீழ இருக்குற குளிர்ந்த தண்ணி மேல எழும்பி வரும். கீழ இருக்குற தண்ணியில நைட்ரேட் மாதிரி உரச்சத்து இருக்கு, வெளிச்சம் இல்லாததால அங்க அது யாருக்கும் பிரயோஜனம் இல்ல, மேல வெளிச்சத்துக்கு வந்த உடனே நுண்பாசி பெருகுது, அதை தின்னுற கோபிபாட்ங்கற குட்டி மிதவை உயிரி பெருகுது, அந்த கோபிபாடோட குஞ்சுதான் நம்ம மீன் லார்வாவோட முதல் சாப்பாடு. சுத்தி இருக்குற வெப்பமண்டலத் தண்ணி நீலமா பாக்க நல்லாருக்கும், ஆனா அதுல தீனி கம்மி. ஒரு லார்வாவுக்கு பசி தாங்குற சக்தி ரொம்பக் கம்மி, மஞ்சள்கரு தீந்த பிறகு சீக்கிரமே வாயில ஏதாவது படணும். அதனால சுழிக்குள்ள மாட்டுறது அதுக்கு சிறை இல்ல.

இதை எப்படி நிரூபிச்சாங்கங்கறது எனக்கு ரொம்பவே புடிச்ச பகுதி. மீனோட தலைக்குள்ள, காது பக்கத்துல ஒரு சின்ன சுண்ணாம்புக் கல் இருக்கு, ஓட்டோலித். சமைக்கும்போது கத்தாழை மீன் தலையில வெள்ளையா ஒரு கல்லு கிடைக்குமே, அதேதான், லார்வாவுல அது தூசி சைஸ். 1971-ல ஜார்ஜியோ பனெல்லாங்கறவர் அந்தக் கல்லுல ஒரு நாளைக்கு ஒரு வளையம் விழுதுன்னு எழுதுனார். மரத்துல வருஷ வளையம் மாதிரி, இங்க நாள் வளையம். வளையத்தை எண்ணுனா வயசு. ரெண்டு வளையத்துக்கு நடுவுல இடைவெளி அகலமா இருந்தா அன்னிக்கு நல்லா சாப்பிட்டு வளந்திருக்கு, நெருக்கமா இருந்தா அன்னிக்கு பட்டினி. யோசிச்சு பாருங்க, கண்ணுக்கே சரியா தெரியாத ஒரு உயிர், தன் ஒவ்வொரு நாளையும் தலைக்குள்ள எழுதி வெச்சிருக்கு.

இதை வெச்சு சூ ஸ்பொனாகுல், ராபர்ட் கோவன் இவங்க குழு புளோரிடா ஜலசந்தியில வேலை பண்ணாங்க. சுழிக்கு உள்ள இருந்தும் வெளிய இருந்தும் லார்வா புடிச்சாங்க. அதுக்கு போடுற வலை சாதாரண வலை இல்ல, ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு வலை தொறந்து மூடுற மாதிரி அமைப்பு, எந்த ஆழத்துல எந்தக் குஞ்சு இருந்துச்சுன்னு தனித்தனியா தெரியும். சுழிக்குள்ள புடிச்ச குஞ்சு வெளிய புடிச்சதைவிட வேகமா வளந்திருந்துச்சு. அதோட நிக்கல. கடைசியா பாறைக்கு வந்து சேந்த சின்ன மீனையும் புடிச்சு, அதோட கல்லுல லார்வாவா இருந்தப்ப விழுந்த வளையத்தை அளந்து பாத்தாங்க. பொழச்சு வந்ததுல பெரும்பாலானது சுழிக்குள்ள வளந்த குஞ்சோட வளர்ச்சி மாதிரியே காட்டுச்சு. 2016-ல வந்த கட்டுரை இது. அதாவது சுழிக்கு வெளியவும் குஞ்சு இருந்துச்சு, ஆனா அதுல கரை சேந்தது கம்மி. எனக்கு இது படிச்சப்ப நெஞ்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா கரைக்கு வராத குஞ்சுங்க பத்தி நமக்கு வேற எந்த சாட்சியும் கிடையாது, வந்ததோட கல்லை படிச்சுத்தான் வராததோட கதையை ஊகிக்கணும்.

இந்த இடத்துல ஒரு விஷயம் அழுத்தி சொல்லணும். "லார்வாவுக்கு என்ன தெரியும், தண்ணி போற பக்கம் போகும்" அப்படின்னு ரொம்ப காலம் நினைச்சாங்க, இன்னும் நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. அது பாதி உண்மைதான். முதல் சில நாளைக்கு சரி. அப்புறம் குஞ்சு மேலயும் கீழயும் போக ஆரம்பிக்குது, அது சின்ன விஷயமா தெரியலாம், ஆனா கடல்ல மேல்மட்டத்துல ஒரு வேகம், அம்பது மீட்டர் கீழ வேற வேகம், சில சமயம் வேற திசை. கொஞ்சம் கீழ இறங்குனாலே வேற வண்டியில ஏறுன கணக்கு. பார்படோஸ் தீவுல கோவனும் கிளேர் பாரிஸும் பண்ண ஆய்வுல, டாம்செல்ங்கற சின்ன பாறை மீனோட குஞ்சு வளர வளர ஆழத்துக்கு இறங்குது, அதனாலயே தீவை விட்டு தூரம் போகாம நிக்குதுன்னு காட்டுனாங்க. ஆஸ்திரேலியாவுல 1997-ல, பாறைக்கு வர்ற பருவத்துல இருக்குற குஞ்சுங்களை ஓடுற தண்ணித் தொட்டியில நீந்த விட்டு பாத்தாங்க, சராசரியா 40 கிலோமீட்டருக்கு சமமா, சாப்பாடு இல்லாம, நீந்துச்சு. ஓரிரண்டு சென்டிமீட்டர் குஞ்சு! 2005-ல ஸ்டீஃபன் சிம்ப்சன் குழு பாறையோட சத்தத்தை ஸ்பீக்கர்ல போட்டு விட்டப்ப அந்தப் பக்கம் அதிகக் குஞ்சு வந்து சேந்துச்சு. ஆக சுழி அதை கரைக்கு பக்கத்துல வெச்சிருந்தா, மிச்ச வேலையில பெரும்பகுதியை குஞ்சு தானே பாத்துக்கும்.

குஞ்சு பொறந்த இடத்துக்கே திரும்புதாங்கற கேள்விக்கு 1999-ல ஜெஃப்ரி ஜோன்ஸ் குழு ஆஸ்திரேலியாவோட லிசார்ட் தீவுல பண்ண வேலை இருக்கு, அதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஒரு கோடிக்கும் மேல டாம்செல் மீன் கருவை டெட்ராசைக்ளின்ல முக்கி எடுத்தாங்க, அந்த மருந்து ஓட்டோலித்துல ஒளிரும் அடையாளமா பதியும். அப்புறம் தீவுக்கு வந்து சேந்த 5000 குஞ்சை புடிச்சு ஒவ்வொண்ணா கல்லை பாத்தாங்க. 15 குஞ்சுல அந்த அடையாளம் இருந்துச்சு. பதினஞ்சு கம்மியா தெரியும், ஆனா தீவுல மொத்தம் பொறந்த கருவுல அவங்க அடையாளம் போட்டது ஒரு சின்னப் பங்குதான்னு கணக்குல எடுத்தா, வந்து சேர்ற குஞ்சுல 15-ல இருந்து 60 சதவீதம் வரைக்கும் அந்தத் தீவுலயே பொறந்ததா இருக்கலாம். அதுவரைக்கும் எல்லாக் குஞ்சும் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் சிதறிப்போகும்னுதான் பொதுவான எண்ணம்.

இவ்ளோ சொன்னதால சுழின்னாலே நல்லதுன்னு நினைச்சிடாதீங்க. அதே பார்படோஸுக்கு தெக்குல, பிரேசில் வடக்கு கரை ஓட்டத்துல இருந்து பெரிய பெரிய வலஞ்சுழி பிரிஞ்சு வருது, அமேசான் ஆத்தோட உப்பு கம்மியான தண்ணியை சுமந்துக்கிட்டு. அது தீவு மேல வந்து மோதுனா, அதுவரைக்கும் ஆழத்துல இறங்கி பொறுமையா தீவு பக்கத்துல நின்ன குஞ்சுங்களோட ஏற்பாடு எல்லாம் கலைஞ்சு போகுது, கூட்டமா அடிச்சிட்டு போயிடுது.

இன்னும் வடக்கே, அமெரிக்காவோட வடகிழக்குக் கரைக்கு வெளிய கடலுக்கு அடியில இருக்குற பெரிய திட்டு ஜார்ஜஸ் பேங்க். காட், ஹேடக் மீனுக்கு பேர் போன இடம். அங்க கல்ஃப் ஸ்ட்ரீம் வளைஞ்சு நெளிஞ்சு போகும்போது வடக்கு பக்கம் சூடான வலஞ்சுழி வளையங்க பிரியுது. அது கரைத்திட்டு ஓரமா உரசிக்கிட்டு போகும்போது திட்டு மேல இருக்குற தண்ணியை நாக்கு மாதிரி நீளமா வெளிய இழுக்கும், அந்தத் தண்ணியில இருக்குற காட் குஞ்சும் ஆழ்கடலுக்கு போயிடும். 1989-ல ரான்சம் மையர்ஸும் கென் டிரிங்க்வாட்டரும் பல வருஷக் கணக்கை ஒப்பிட்டு, இந்த வளையங்க அதிகமா வந்த வருஷத்துல அடிமட்ட மீன்கள்ல பலதுக்கும் குஞ்சு சேர்றது குறைஞ்சுதுன்னு எழுதுனாங்க. ஆனா அதே வளையத்தால பொழைக்கிற மீனும் இருக்கு. ப்ளூஃபிஷ் தெக்க, கரோலினா பக்கம் முட்டை விடுது, குஞ்சு கல்ஃப் ஸ்ட்ரீம்ல வடக்கே வருது, அதுக்கு வேணும்கறது நியூயார்க், நியூஜெர்சி கழிமுகம். பெரிய ஓட்டத்தை விட்டு எறங்க வழி வேணுமே? அந்த சூடான வளையம் ஓரமா பிரியுற தண்ணி நாக்கு அதுக்கு எறங்குற வழிகள்ல ஒண்ணு. காட் குஞ்சுக்கு எமன், ப்ளூஃபிஷ் குஞ்சுக்கு பாலம், ரெண்டும் ஒரே வளையம். அதனால ஒரு சுழி எந்தப் பக்கம் சுத்துது, எந்த மாசம் வருது, அப்போ யாரோட குஞ்சு தண்ணியில இருக்குங்கற மூணையும் சேத்து கேக்காம நல்லது கெட்டதுன்னு பேசுறது வீண்.

1914-ல நார்வே மீன்வள விஞ்ஞானி யோஹான் யோர்ட் இதோட வேரை தொட்டுட்டார். 1904-ல பொறந்த ஹெர்ரிங் மீன் மட்டும் பல வருஷம் வலையை நிரப்புச்சு, முன்னபின்ன வருஷத்து மீன் அந்த அளவு இல்ல. முட்டை கம்மியா இருந்ததால இல்ல, குஞ்சுப் பருவத்துல என்னமோ நடக்குதுன்னார். ஒண்ணு முதல் சாப்பாடு கிடைக்காம சாகுது, இல்லன்னா திரும்ப முடியாத இடத்துக்கு தண்ணி கொண்டு போயிடுதுன்னு ரெண்டு காரணம் சொன்னார். செயற்கைக்கோள் இல்லாத காலத்துல சொன்னது, ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்துறதுல சுழிக்கு பெரிய பங்கு இருக்குன்னு இப்போ தெரியுது.

நம்ம வங்காள விரிகுடாவும் சுழி நிறைஞ்ச கடல்தான். கிழக்குக் கரையை ஒட்டுன ஓட்டம் வருஷத்துல திசை மாறுது, தென்மேற்கு பருவமழைக்கு முன்னாடி வடக்கே, வடகிழக்கு பருவமழை சமயத்துல தெற்கே, அதோட ஓரத்துல ரெண்டு பக்கமும் சுத்துற சுழிங்க உருவாகி நகருது. நம்ம ஊர்ல ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு தடை. அந்த நாள்ல எங்க மீனவங்க வருமானத்தை விட்டுக் கொடுத்துட்டு உக்காந்திருக்காங்க, அது பெரிய தியாகம். தடை சரியா பலன் தரலன்னு ஒரு வருஷம் மீன் குறைஞ்சா உடனே அவங்க மேல பழி போடுறது எனக்கு சுத்தமா ஏத்துக்க முடியல. தாய் மீனை விட்டு வெச்சாலும் அந்த வருஷம் சுழி எங்க நின்னுச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. அளவுக்கு மீறி புடிக்கிறது பிரச்சனையே இல்லன்னு நான் சொல்லல, ரைலீஸ் ஹம்ப்ல கூட்டம் சுருங்குனது அதனாலதான். ரெண்டையும் சேத்து பாக்கணும்கறேன்.

சேத்து பாக்குறதுக்கு கருவி இப்போ இருக்கு. 1992-ல டோபெக்ஸ் பொசைடன் செயற்கைக்கோள் போனதுல இருந்து கடல் மட்டம் எங்க தாழ்ந்திருக்கு எங்க உயந்திருக்குன்னு தொடர்ச்சியா அளக்குறாங்க, தாழ்ந்த வட்டமும் உயந்த வட்டமும்தான் சுழி. 2022 டிசம்பர்ல போன ஸ்வாட் அதைவிட சின்ன சுழியையும் காட்டுது. குஞ்சு எங்க போகும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டி பாக்குறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா கடலை கட்டம் கட்டமா பிரிச்சு கணக்கு போடுற மாடல்ல கட்டம் பெருசா இருந்தா சுழியே அதுல உருவாகாது, ஓட்டம் மட்டும் வழுவழுன்னு ஓடும், எல்லாக் குஞ்சும் அட்லாண்டிக்குல முடியும். கட்டத்தை சின்னதாக்கி, குஞ்சு வளர வளர ஆழத்துக்கு இறங்கும்கறதையும் சேத்தா விடை மொத்தமா மாறுது.

கடல் மட்ட வரைபடம் இணையத்துல இலவசமா கிடைக்குது. மே மாச பௌர்ணமி சமயத்துல தொறந்து, கீ வெஸ்ட்டுக்கு தென்மேற்கால பாருங்க. தாழ்ந்த மட்டத்தை பெரும்பாலும் நீலத்துல காட்டியிருப்பாங்க. கரைக்கும் புளோரிடா கரண்ட்டுக்கும் நடுவுல ஒரு நீல வட்டம் உக்காந்திருந்தா அதான் டார்டுகாஸ் சுழி. இருந்தா அது எத்தனை வாரம் நிக்குது, கிழக்கால எப்போ நகருதுன்னு குறிச்சு வெச்சுக்கிட்டே வாங்க, நானும் குறிக்கிறேன், அடுத்த பதிவுல ஒப்பிட்டு பாக்கலாம்.